குட்டி நாய்க்குக் கல்லீரல் ஷன்ட்டா? ஸ்கேன் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தொண்டியிலிருந்து சாயல்குடி வரை, அந்தப் பக்கம் தனுஷ்கோடி வரை, இந்தக் கரையில் நாய் வளர்ப்பவர்களிடம் உள்ளூர் டாக்டர் "கல்லீரலில் ஷன்ட் இருக்கலாம், ஒரு ஸ்கேன் பார்த்துவிடுங்கள்" என்று எழுதிக் கொடுத்தால் அடுத்து வருவது குழப்பம்தான். அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் பார்க்கிற கால்நடை மருத்துவன் என்ற முறையில் என்னிடம் கேட்கப்படும் கேள்விகளையும் நான் சொல்லும் பதில்களையும் இங்கே தருகிறேன்.

ஷன்ட் என்றால் என்ன?

குடல், இரைப்பை, மண்ணீரல், கணையம் ஆகியவற்றிலிருந்து திரும்பும் ரத்தம் நேராக இதயத்துக்குப் போவதில்லை. போர்ட்டல் சிரை என்ற ஒரே குழாயில் சேர்ந்து முதலில் கல்லீரலுக்குப் போகும். அங்கே அம்மோனியா போன்ற நச்சுகள் நீங்கிய பிறகுதான் பெருஞ்சிரை வழியாக இதயம். சில குட்டிகளுக்குப் பிறவியிலேயே போர்ட்டல் சிரைக்கும் பெருஞ்சிரைக்கும் நடுவே ஒரு குறுக்குக் குழாய் இருக்கும். அதுதான் ஷன்ட். வைகைத் தண்ணீர் ராமநாதபுரம் பெரிய கண்மாயில் தேங்காமல் ஏதோ ஓர் உடைப்பு வழியாக நேரே கடலுக்குப் போனால் எப்படியோ, அப்படி. கல்லீரலுக்கு வரும் ரத்தத்தில் ஏறக்குறைய முக்கால் பங்கு போர்ட்டல் சிரை வழியாகத்தான் வருகிறது. இன்சுலின் போன்று கல்லீரலை வளர்க்கும் பொருட்களும் அதில்தான் இருக்கின்றன. அது வேறு பாதையில் போய்விட்டால் கல்லீரல் வளராமல் சிறுத்தே கிடக்கும், சுத்தமாகாத ரத்தம் மூளைக்குப் போகும்.

இதில் இரண்டு வகை உண்டு. குறுக்குக் குழாய் கல்லீரலுக்கு வெளியே இருப்பது ஒன்று. உள்ளே இருப்பது இன்னொன்று. உள்ளே இருப்பதில் ஒரு பகுதி, தாயின் வயிற்றில் இருக்கும்போது எல்லாக் குட்டிக்கும் இருக்கும் ஒரு குழாய். பிறந்த சில நாட்களில் மூடிக்கொள்ள வேண்டியது, மூடாமல் நின்றுவிட்டது.

எந்த ஜாதிக் குட்டிகளுக்கு வரும்?

சிறிய ஜாதிகளில் யார்க்‌ஷயர் டெரியர், மால்டீஸ், ஷிட்சு, பக் போன்றவற்றுக்குப் பெரும்பாலும் கல்லீரலுக்கு வெளியே. லாப்ரடார், கோல்டன் ரிட்ரீவர் போன்ற பெரிய ஜாதிகளுக்குப் பெரும்பாலும் உள்ளே. நாட்டுக் குட்டிக்கு வராது என்று ஒரு நம்பிக்கை இருக்கிறது. அது சரியல்ல. கலப்பு நாய்க்கும் வரும். நாட்டுக் குட்டி வளராவிட்டால் யாரும் டாக்டரிடம் கொண்டுவருவதில்லை என்பது வேறு விஷயம்.

என்ன பார்த்தால் சந்தேகப்பட வேண்டும்?

ஒரே ஈற்றில் மற்றவை எல்லாம் கொழுகொழுவென்று வளர, ஒன்று மட்டும் சவலையாக நிற்கும். நிறையத் தண்ணீர் குடிக்கும், நிறைய மூத்திரம் போகும். அடிக்கடி வாந்தி எடுக்கும். சாப்பிட்டு ஒன்றிரண்டு மணி நேரத்தில் தள்ளாடும், வட்டம் போடும், கண் தெரியாததுபோல் நடக்கும், சுவரில் தலையை முட்டிக்கொண்டு நிற்கும். சிலவற்றுக்கு வலிப்பு வரும். பிறகு தானாகவே தெளிந்துவிடும். இப்படி வந்து வந்து போவதுதான் இதன் முக்கியமான அடையாளம்.

நம் கரையில் ஒரு கூடுதல் தடயம் உண்டு. சோறும் மோரும் சாப்பிட்ட நாளில் சும்மா இருக்கும் குட்டி, மீன் தலையோ கருவாடோ தின்ற நாளில் மயங்கும். மாமிசப் புரதம் குடலில் அம்மோனியாவாக மாறுகிறது, கல்லீரல் அதைப் பிடித்து நிறுத்தவில்லை. வீட்டில் மயக்கம் வந்த நாட்களையும் அன்று என்ன சாப்பிட்டது என்பதையும் ஒரு காலண்டரில் குறித்து வைத்துக் கொண்டுவாருங்கள். அரை மணி நேரம் கேள்வி கேட்டு நான் தெரிந்துகொள்வதை அந்தத் தாள் ஒரு பார்வையில் சொல்லிவிடும். ஆனால் சாப்பாட்டுக்கும் மயக்கத்துக்கும் தொடர்பே தெரியாத ஷன்ட் குட்டிகளும் நிறைய உண்டு. அதனால் தொடர்பு இல்லை என்பதை வைத்து நோய் இல்லை என்று முடிவு கட்டிவிட வேண்டாம்.

இன்னொன்று, கருத்தடை அறுவைக்கு மயக்க மருந்து கொடுத்த குட்டி நெடுநேரம் விழிக்கவே இல்லை என்றால் அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள். அந்த மருந்துகளில் பலவற்றை உடைப்பது கல்லீரல்தான்.

வேறு நோயாக இருக்கக் கூடாதா?

கட்டாயம் இருக்கலாம். சொல்லப்போனால் தடுப்பூசி போடாத குட்டிக்கு வலிப்பு வந்தால் நான் முதலில் நினைப்பது டிஸ்டெம்பர் என்ற வைரஸ் நோயைத்தான், ஷன்ட்டை அல்ல. எச்சில் வடிய, குணம் மாறித் தள்ளாடும் குட்டியிடம் வெறிநாய்க்கடி நோயையும் மனதில் வைக்க வேண்டும். வாய்க்குள் கைவிடாதீர்கள். கடித்தாலோ, காயத்தில் எச்சில் பட்டாலோ சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.

கரையோரத்துக்கே உரிய ஒன்று பேத்தை மீன். வலையில் இருந்து கழித்துப் போட்ட பேத்தையைத் தின்ற நாய்க்குக் கைகால் விழுந்து மூச்சுத் திணறும். அது ஒரே தடவையில் வேகமாக வருவது, ஷன்ட்போல் வாரக்கணக்கில் வந்து போவதில்லை. அப்புறம் கொக்கிப்புழு. ஈரமும் சூடும் உள்ள மணலில் அதன் இளம்புழுக்கள் நன்றாகப் பிழைக்கும். குட்டி சவலையாவதற்கு அதுவே போதும். ஷன்ட் உள்ள குட்டிக்குக் கொக்கிப்புழுவும் இருந்தால் இரட்டைக் கேடு: குடலில் கசியும் ரத்தமும் புரதம்தான், அதிலிருந்தும் அம்மோனியா உண்டாகும். பூச்சி மருந்து ஒழுங்காகக் கொடுத்தோமா என்பதை ஸ்கேனுக்கு முன்பே பார்த்துவிட வேண்டும்.

நேராக ஸ்கேன் எடுத்துவிடலாமே, ரத்தப் பரிசோதனை எதற்கு?

கையில் ஒன்றுக்குத்தான் பணம் இருக்கிறது என்றால் நான் ரத்தப் பரிசோதனையைத்தான் முதலில் செய்யச் சொல்வேன். ஷன்ட் உண்டா என்ற கேள்விக்கு ரத்தம் நன்றாகப் பதில் சொல்லும். எங்கே, எப்படி என்ற கேள்விக்குத்தான் ஸ்கேன்.

இதற்கான பரிசோதனை ரத்தத்தில் பித்த அமில அளவு. சாப்பிட்டதும் குடலுக்குப் போய்த் திரும்பும் இந்த அமிலத்தைக் கல்லீரல்தான் ரத்தத்திலிருந்து பிடித்தெடுக்க வேண்டும். குட்டியைப் பட்டினி போட்டு ஒரு தடவை ரத்தம், சாப்பாடு கொடுத்து 2 மணி நேரம் கழித்து இன்னொரு தடவை. இரண்டும் வேண்டும். பட்டினி அளவு மட்டும் பார்த்தால் சில ஷன்ட் குட்டிகள் தப்பித்துவிடும். ஆய்வகத்துக்கு ஆய்வகம் வரம்பு கொஞ்சம் மாறும். என்றாலும், சாப்பிட்ட பின் லிட்டருக்கு 25 மைக்ரோமோலுக்குக் கீழே இருக்க வேண்டியது, ஷன்ட்டில் பெரும்பாலும் 100-ஐத் தாண்டும். மால்டீஸ் மட்டும் ஒரு விதிவிலக்கு. நோயே இல்லாத மால்டீஸிலும் இந்த அளவு கூடுதலாக வரும்.

சாதாரண ரத்தப் பரிசோதனையிலும் குறிப்புகள் கிடைக்கும். யூரியா, ஆல்புமின் (ரத்தப் புரதம்), கொலஸ்ட்ரால், சர்க்கரை இவையெல்லாம் குறைந்திருக்கும், சிவப்பணுக்கள் வழக்கத்தைவிடச் சிறியவையாக இருக்கும். ஒன்று மட்டும் குறைந்திருந்தால் அதற்குப் பெரிய அர்த்தமில்லை. நான்கைந்து சேர்ந்து வந்தால் நிமிர்ந்து உட்காருவேன்.

அம்மோனியா பரிசோதனை செய்யச் சொல்கிறார்களே?

நல்ல பரிசோதனை. ஆனால் பாம்பனில் எடுத்த ரத்தத்தை மதுரைக்கு அனுப்பிச் செய்கிற பரிசோதனை அல்ல. எடுத்த ரத்தத்தை உடனே பனிக்கட்டியில் வைத்து, அரை மணி நேரத்துக்குள் கவனித்தாக வேண்டும். நேரம் ஆக ஆகக் குழாய்க்குள்ளேயே அம்மோனியா ஏறும், நல்ல குட்டியும் நோயாளியாகத் தெரியும். பித்த அமிலத்துக்கு இந்தத் தொல்லை இல்லை. சீரத்தைப் பிரித்துக் குளிர்பெட்டியில் வைத்து அனுப்பலாம். ராமேஸ்வரத்திலிருந்து மதுரை சுமார் 170 கிலோமீட்டர் என்பதால், இந்தக் கரைக்குப் பொருத்தம் பித்த அமிலம்தான்.

ஸ்கேனுக்குக் குட்டியை எப்படித் தயார் செய்வது?

பெரிய குட்டி என்றால் 8 மணி நேரம் சாப்பாடு வேண்டாம், தண்ணீர் கொடுக்கலாம். கைக்குள் அடங்கும் சின்னக் குட்டியை அவ்வளவு நேரம் பட்டினி போடக் கூடாது. ஏற்கெனவே சர்க்கரை குறைவாக உள்ள உடம்பு, மயங்கி விழுந்துவிடும். எத்தனை மணி நேரம் என்பதை எடையைச் சொல்லிக் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஸ்கேனின் பெரிய எதிரி காற்று. ஒலி அலை காற்றைத் தாண்டாது. குட்டி வழிநெடுக அழுதுகொண்டும் மூச்சு வாங்கிக்கொண்டும் வந்தால் வயிறு நிறையக் காற்றை விழுங்கியிருக்கும். பங்குனி, சித்திரை வெயிலில் மத்தியானப் பேருந்தில் வந்த குட்டியைப் பார்ப்பது வீண் வேலை. காலையில் முதல் ஆளாக வாருங்கள், பழகிய துணியோ கூடையோ கொண்டுவாருங்கள். உள்ளே வருவதற்குச் சற்று முன்பு மூத்திரம் போக விடாதீர்கள், பை நிறைந்திருந்தால் கல் இருக்கிறதா என்று பார்க்க வசதி. வயிற்றிலும் வலது விலாவிலும் முடியை மழிப்போம். ஷிட்சு வைத்திருப்பவர்களுக்கு இதுதான் பெரிய வருத்தம், முடி வளர்ந்துவிடும்.

மயக்க மருந்து கொடுப்பீர்களா?

பெரும்பாலும் தேவைப்படாது. துள்ளுகிற குட்டிக்கு லேசாகச் சாந்தப்படுத்தும் மருந்து கொடுக்கலாம், ஆனால் கல்லீரல் சந்தேகம் இருப்பதால் மருந்தையும் அளவையும் பார்த்துத்தான் கொடுக்க வேண்டும். வீட்டிலேயே தூக்க மாத்திரை கொடுத்துக் கொண்டுவராதீர்கள்.

திரையில் எதைத்தான் பார்க்கிறீர்கள்? எங்களுக்கு எல்லாம் சாம்பல் நிறமாகத் தெரிகிறது.

முதலில் கல்லீரலின் அளவு. ஷன்ட் குட்டியில் அது விலாவுக்குள் ஒடுங்கிக் கிடக்கும், உள்ளே ஓடும் சின்னக் குழாய்கள் கண்ணுக்குச் சரியாகப் படாது. அடுத்து சிறுநீரகங்கள். இந்தக் குட்டிகளுக்கு அவை வழக்கத்தைவிடப் பெரிதாக இருப்பதுண்டு. அதன்பின் சிறுநீர்ப்பை.

பிறகுதான் உண்மையான வேடிக்கை. குட்டியை இடது பக்கமாகப் படுக்க வைத்து, வலது பக்கக் கடைசி விலா இடுக்குகளில் கருவியை வைத்தால் மூன்று வட்டங்கள் தெரியும். முதுகெலும்பை ஒட்டித் துடிப்பது பெருந்தமனி. அதன் பக்கத்தில், லேசாக அழுத்தினாலே தட்டையாவது பெருஞ்சிரை. வயிற்றுப் பக்கம் இருப்பது போர்ட்டல் சிரை. இந்த மூன்றையும் ஒரே சட்டத்துக்குள் கொண்டுவருவதுதான் பாதி வேலை. வலது சிறுநீரகச் சிரை சேரும் இடத்துக்கும் கல்லீரலுக்கும் நடுவே பெருஞ்சிரைக்குள் பெரிய குழாய் எதுவும் வந்து சேரக் கூடாது. அந்தத் துண்டை அங்குலம் அங்குலமாகப் பார்ப்பேன். வெளிப்பக்க ஷன்ட் பல அங்கேதான் வந்து விழும்.

டாப்ளர் போட்டால் ரத்தம் ஓடும் திசையும் வேகமும் நிறமாகத் தெரியும். ஷன்ட் சேரும் வாயில் நிறங்கள் ஒன்றோடொன்று கலங்கிச் சுழலும். சாதாரணமாகப் போர்ட்டல் ரத்தம் கல்லீரலை நோக்கி ஒரே சீராக, நொடிக்குச் சுமார் 15 சென்டிமீட்டர் வேகத்தில் போகும். அது திடீரென்று வேகம் எடுத்தோ, இதயத் துடிப்புக்கும் மூச்சுக்கும் ஏற்ப ஏறி இறங்கியோ ஓடினால், இதயத்தோடு நேரடித் தொடர்பு எங்கோ இருக்கிறது என்று பொருள். குழாயை நேரில் பார்ப்பதற்கு முன்பே, ஓட்டத்தின் இந்த மாறுதலை வைத்து எனக்குச் சந்தேகம் உறுதியாவதுண்டு.

அறிக்கையில் 0.6 என்று ஓர் எண் எழுதியிருக்கிறது. அது என்ன?

போர்ட்டல் சிரையின் விட்டத்தைப் பெருந்தமனியின் விட்டத்தால் வகுத்து வருவது. தமனி 6 மில்லிமீட்டர், போர்ட்டல் சிரை 3.6 மில்லிமீட்டர் என்றால் 0.6. ரத்தம் வழியிலேயே பிரிந்து போவதால், பிரியும் இடத்துக்கு அப்பால் போர்ட்டல் சிரை மெலிந்துவிடும். 2004-ல் வெளியான ஆய்வின்படி 0.65 அல்லது அதற்குக் கீழே இருந்தால் கல்லீரலுக்கு வெளியே ஷன்ட் இருக்க வாய்ப்பு அதிகம், 0.8 அல்லது அதற்கு மேலே இருந்தால் அந்த வகை ஷன்ட் இல்லை என்றே கொள்ளலாம். நடுவில் வந்தால் இரு பக்கமும் சொல்ல முடியாது. கல்லீரலுக்கு உள்ளே இருக்கும் ஷன்ட்டுக்கு இந்த எண் உதவாது, அதில் போர்ட்டல் சிரை நல்ல பருமனாகவே இருக்கும். லாப்ரடார் குட்டிக்கு 0.9 வந்தது என்று நிம்மதி அடைந்துவிட வேண்டாம்.

"ஷன்ட் தெரியவில்லை" என்று அறிக்கை வந்தது. அப்படியானால் இல்லை என்றுதானே அர்த்தம்?

இல்லை. இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைப் படிக்க நேரம் இருந்தால் இதைப் படியுங்கள்.

ஒரு கிலோ, இரண்டு கிலோ எடையுள்ள குட்டியில் நாங்கள் தேடுவது சில மில்லிமீட்டர் பருமனுள்ள, நெளிந்து ஓடும் ஒரு குழாய். அதன் மேல் இரைப்பைக் காற்று இருந்தால் திரையில் வெறும் நிழல்தான். மார்புக்குள் நுழைந்து, அங்கே முதுகெலும்பை ஒட்டி இதயத்துக்குப் போகும் அசைகஸ் சிரையில் சேரும் வகை என்றால் நுரையீரலின் காற்று மறைத்துவிடும். பார்ப்பவரின் பழக்கமும் கருவியும் சேர்ந்தே முடிவைத் தீர்மானிக்கின்றன. ஷன்ட் உள்ள நாய்களில் ஸ்கேன் அதைக் கண்டுபிடித்த விகிதம் ஆய்வுக்கு ஆய்வு பாதிக்குக் கீழேயிருந்து 95 சதவீதம் வரை மாறுகிறது. இவ்வளவு அகலமான இடைவெளி உள்ள பரிசோதனையில் "தெரியவில்லை" என்ற சொல்லை எப்படி எடுத்துக்கொள்வது?

அதனால் டாக்டரிடம் கேட்க வேண்டியது "ஷன்ட் இருக்கா, இல்லையா" என்பதோடு நிற்கக் கூடாது. போர்ட்டல் சிரையை முழுநீளம் பார்க்க முடிந்ததா? பெருஞ்சிரையைக் கல்லீரல் வரை தொடர முடிந்ததா? டாப்ளர் போட்டீர்களா? விகிதம் எவ்வளவு? கல்லீரல் சிறியதா? எல்லாம் நன்றாகத் தெரிந்து, எல்லாம் சரியாக இருந்து, ஷன்ட் தெரியவில்லை என்றால் அந்தச் சொல்லுக்கு எடை உண்டு. காற்று மறைத்துப் பாதி தெரியவில்லை என்றால் அந்த ஸ்கேன் முடியவே இல்லை, இன்னொரு நாள் எடுக்க வேண்டும். நல்ல டாக்டர் இந்தக் கேள்விகளுக்குக் கோபப்பட மாட்டார்.

பித்த அமிலம் உயர்ந்திருக்கிறது, ஸ்கேன் தெளிவாக இருந்தும் ஒன்றும் இல்லை என்றால் இன்னொரு சாத்தியம்: கல்லீரலுக்குள் கண்ணுக்குத் தெரியாத நுண்குழாய்களில் கோளாறு. அதில் அளவுகள் பொதுவாக ஷன்ட் அளவுக்கு எகிறாது, குட்டியும் ஓரளவு நன்றாகவே வளரும். அறுத்துக் கட்டுவதற்கு அங்கே குழாய் எதுவும் இல்லை.

குமிழி வைத்துப் பார்ப்பது என்று ஒன்று இருக்கிறதாமே?

உண்டு, எனக்கு மிகவும் பிடித்த உத்தி. உப்பு நீரைக் குட்டியின் ரத்தம் கொஞ்சம் சேர்த்து ஊசிக்குழாயில் வேகமாகக் குலுக்கினால் நுண்குமிழிகள் உண்டாகும். சாந்தப்படுத்தும் மருந்து கொடுத்து, ஸ்கேன் பார்த்துக்கொண்டே அதை மெல்லிய ஊசியால் மண்ணீரலுக்குள் செலுத்துவோம். திரையில் குமிழிகள் வெள்ளைப் புள்ளிகளாக ஓடும். நல்ல குட்டியில் அவை போர்ட்டல் சிரை வழியாகக் கல்லீரலுக்குள் போய் அடங்கிவிடும். ஷன்ட் இருந்தால் சில நொடிகளில் இதயத்தின் வலது அறையில் வந்து நிற்கும். எந்த வழியாக வந்தன என்பதைப் பார்த்து வகையையும் சொல்லலாம்: வயிற்றுப் பெருஞ்சிரையில் குமிழி வந்ததா, அல்லது அங்கே எதுவும் வராமல் அசைகஸ் வழியாக நேரே இதயத்தில் தோன்றியதா. எல்லா இடத்திலும் செய்வதில்லை, கேட்டுப் பாருங்கள்.

அப்படியானால் சிடி ஸ்கேன் எடுத்துவிடலாமா?

அறுவைக்குப் போவதாக இருந்தால் ஆம். சாயம் செலுத்தி எடுக்கும் சிடி குழாயின் முழுப் பாதையையும் காட்டும். 2013-ல் வெளியான ஓர் ஆய்வில், ஷன்ட் உண்டா இல்லையா என்பதைச் சரியாகச் சொல்வதில் சிடி, அல்ட்ராசவுண்டைவிட 5.5 மடங்கு மேலாக இருந்தது. ஆனால் முழு மயக்கம் வேண்டும், செலவும் பயணமும் அதிகம். அறுவைக்கே போகப் போவதில்லை, மருந்தும் உணவும் வைத்துப் பார்த்துக்கொள்வோம் என்று முடிவு செய்தவர்களை நான் சிடிக்கு அனுப்புவதில்லை.

திருநெல்வேலி ராமையன்பட்டியில் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. சென்னை வேப்பேரியில் 1903-ல் தொடங்கிய மெட்ராஸ் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. எங்கே போனாலும் கிளம்புவதற்கு முன் தொலைபேசியில் மூன்று கேள்வி: டாப்ளர் உண்டா, சிடி உண்டா, ஷன்ட் அறுவை செய்கிறார்களா. இதைக் கேட்காமல் நோய்ப்பட்ட குட்டியைத் தூக்கிக்கொண்டு ஒரு ராத்திரி முழுக்க ரயிலில் போகாதீர்கள்.

மனிதர்களுக்கான ஸ்கேன் சென்டரில் எடுக்கக் கூடாதா?

கருவி ஒன்றேதான், கண் வேறு. நாயின் வயிற்றைப் பார்த்துப் பழகாதவருக்கு எது எங்கே என்பதே பிடிபடாது.

வயிற்றில் நீர் கோத்திருக்கிறது என்கிறார்கள். ஷன்ட்டா?

பிறவி ஷன்ட்டில் அது அபூர்வம். நீர் கோத்து, இடது சிறுநீரகத்தை ஒட்டி நெளிநெளியான பல சின்னக் குழாய்கள் தெரிந்தால், கல்லீரலே முதலில் கெட்டு, அழுத்தம் ஏறி, பிறகு உடம்பு தானாக உண்டாக்கிக்கொண்ட குழாய்கள் என்று பொருள். அவற்றைக் கட்டிவிடக் கூடாது. மருத்துவமே வேறு. ஸ்கேனில் குழாய் ஒன்றா பலவா என்று பார்ப்பது இதற்காகத்தான்.

மூத்திரத்தில் ரத்தம் வருகிறது. அதற்கும் கல்லீரலுக்கும் என்ன சம்பந்தம்?

உடைக்கப்படாத அம்மோனியாவும் யூரிக் அமிலமும் சிறுநீரில் சேர்ந்து அமோனியம் யூரேட் கல்லாகும். இந்தக் கல் எக்ஸ்ரேயில் சரியாகத் தெரியாது, அல்ட்ராசவுண்டில் தெரியும். ஒரு வயதுகூட ஆகாத குட்டிக்கு இந்தக் கல் இருந்தால், டால்மேஷியன் இல்லாத பட்சத்தில், கல்லீரலைப் பார்த்தே ஆக வேண்டும். டால்மேஷியனுக்குப் பரம்பரையாகவே யூரிக் அமிலம் அதிகம், அது தனிக் கதை.

முடிவு தெரியும்வரை என்ன கொடுப்பது?

மீன் தலை, கருவாடு, ஈரல், ஆட்டுக்குடல் இவற்றை நிறுத்துங்கள். சாளை, சூடை, நெத்திலி ஆகியவை கல்லுக்கும் ஆகாது. ஆனால் புரதத்தை அடியோடு நிறுத்தக் கூடாது. வளரும் குட்டி, ஆல்புமின் ஏற்கெனவே குறைவு. சோற்றோடு முட்டை, பனீர், தயிர், சோயா போன்றவற்றைச் சிறு சிறு வேளைகளாகப் பிரித்துக் கொடுங்கள். மலச்சிக்கல் வரவிடாதீர்கள். டாக்டர் லாக்டுலோஸ் என்ற மலமிளக்கி மருந்தை எழுதியிருந்தால் அது வயிற்றைச் சுத்தப்படுத்த மட்டுமல்ல, குடலில் அம்மோனியாவை உறிஞ்சவிடாமல் பிடித்துவைக்கும். அளவை நீங்களாகக் கூட்ட வேண்டாம்.

அறுவை செய்தால் சரியாகுமா?

கல்லீரலுக்கு வெளியே உள்ள ஒற்றை ஷன்ட்டுக்குப் பலன் நன்றாகவே இருக்கிறது. குழாயை ஒரேயடியாக அடைக்காமல், மெல்ல மெல்ல ஊதி இறுக்கும் வளையமோ செலோஃபேன் பட்டையோ போடுவார்கள். உள்ளே உள்ளதற்கு ரத்தக்குழாய் வழியாகவே போய்க் கம்பிச்சுருள் வைத்து அடைப்பதும் உண்டு. அறுவைக்குப் பின் சில நாட்களில் வலிப்பு வரும் ஆபத்து இருப்பதால் உடனே ஊருக்குத் திரும்ப அவசரப்படாதீர்கள். சில மாதங்கள் கழித்துப் பித்த அமிலமும் ஸ்கேனும் மறுபடி பார்க்க வேண்டும். அறுவை செய்ய முடியாத குட்டிகளிலும் சில, உணவும் மருந்துமாகப் பல ஆண்டுகள் நன்றாக இருக்கின்றன.

ஒரே ஈற்றில் பிறந்த மற்றக் குட்டிகளையும் ஸ்கேன் பார்க்க வேண்டுமா?

ஸ்கேன் வேண்டாம், பித்த அமிலம் போதும். அதில் அளவு கூடியிருந்தால் மட்டும் ஸ்கேனுக்கு வாருங்கள். சில ஜாதிகளில் இது பரம்பரையாக வருவது தெரிந்த விஷயம், ஆகவே இந்த நோயுள்ள நாயையும் அதைப் பெற்ற ஜோடியையும் இனப்பெருக்கத்துக்கு விடக் கூடாது. குட்டியை விற்றவருக்குப் போன் செய்து சொல்லிவிடுங்கள். அவர் கேட்கிறாரோ இல்லையோ, அதே ஈற்றில் குட்டி வாங்கிய மற்றவர்களின் எண்களை அவரிடமிருந்து வாங்கி அவர்களுக்கும் சொல்லுங்கள்.